முத்திரை இல்லாத தராசு

தம்பி, இந்தத் தண்ணீர் பாட்டிலைக் கொஞ்சம் முன்னால் கொடுங்கள். மூன்றாவது வரிசை. பச்சைச் சேலை, வெள்ளை முடி. நான் கொடுத்தேன் என்று சொல்லாதீர்கள். சொன்னால் வாங்க மாட்டாள்.

வாங்கிக்கொண்டாளா? மூடியைத் திறந்தாளா? சரி. உட்காருங்கள்.

என் தங்கை. மதலேன். எழுபத்து நாலு வயது. நான் ஞானாதிக்கம். எண்பது. காரைக்காலில் ஒரே பஸ்ஸில் ஏறினோம். அவள் அங்கே, நான் இங்கே. பேச்சு கிடையாது. எத்தனை நாளாகவா? ஐம்பத்து மூன்று வருஷமாக.

சிரிக்காதீர்கள். சிரிக்க இதில் ஒன்றும் இல்லை.

இந்த பஸ் எத்தனை மணிக்குப் புதுச்சேரி போகும்? மூன்றரையா? இவர் ஓட்டுகிற லட்சணத்தைப் பார்த்தால் நம்பிக்கை வரவில்லை. ஐந்து மணிக்குப் படம். இன்றைக்குக் கடைசிக் காட்சி. நாளைக்குப் பெட்டியைக் கட்டிப் பாரீசுக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்குள் இவளைக் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். படத்தில் எங்கள் அப்பா வருகிறார். பதினொரு நிமிஷம் வருகிறார். கடிகாரம் வைத்துப் பார்த்தேன்.

நடிகரா என்றால், அதுதான் விவகாரமே. குறுக்கே பேசாதீர்கள், முறையாகச் சொல்கிறேன். எனக்கு வளவளவென்று பேச வராது. சிதம்பரம் தாண்டுவதற்குள் முடித்துவிடுவேன். சத்தமாகப் பேசுகிறேனா? எனக்குக் காது கொஞ்சம் மந்தம். வேறு காரணம் இல்லை.

நான் முத்திரை ஆய்வாளராக இருந்தவன். எடை அளவுத் துறை. முப்பத்தேழு வருஷம். கடை கடையாகப் போய்த் தராசையும் படிக்கல்லையும் சோதித்து முத்திரை குத்துகிற வேலை. என் தலையைக் கண்டால் மீன்காரிகள் தராசின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். அப்படிப்பட்ட ஆளுக்கு இப்படிப்பட்ட அப்பா.

அப்பா பெயர் தனிஸ்லாஸ். இருபது வயதில், கப்பல் சமையல்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டே மார்செய் துறைமுகம் போனவர். அங்கிருந்து பாரீஸ். ஐந்து வருஷம். திரும்பி வந்தபோது கையில் ஒரு கோட்டு, ஒரு தொப்பி, ஒரு உத்தியோகப் பெயர். ஃபிகுரான்.

எங்கள் ஊர் புதுச்சேரி, பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊர். எங்களுக்கு உத்தியோகப் பெயர் என்றால் உயிர். கொமிசேர், நொத்தேர், கிரேஃபியே. அர்த்தம் தெரிகிறதோ இல்லையோ, காதில் விழுந்ததும் எழுந்து நின்றுவிடுவோம். ஃபிகுரானுக்கும் எழுந்து நின்றார்கள். "அது நொத்தேருக்கு மேலயா கீழயா?" என்று ஒருவர் கேட்டாராம். அப்பா யோசித்துவிட்டு, "பின்னாடி. பெரிய மனுஷங்களுக்குப் பின்னாடி நிக்கிற வேலை" என்றாராம். கவர்னருக்குப் பின்னாடி நின்றவர் என்று ஊர் எடுத்துக்கொண்டது. அந்தப் பெயருக்காகத்தான் அம்மாவைக் கட்டிக் கொடுத்தார்கள். என் பள்ளிக்கூடப் பதிவில் தகப்பன் தொழில் ஃபிகுரான். கல்லறையிலும் அதையே வெட்டியிருக்கிறது. வாத்தியாரிலிருந்து கல் வெட்டியவன் வரை ஒருத்தனும் அர்த்தம் கேட்கவில்லை. நானா? எனக்குப் பத்து வயதில் பிரெஞ்சுக்காரன் போய்விட்டான். நான் தமிழில் படித்தவன்.

உத்தியோகத்தை நம்பினார்கள். அவர் சொன்ன மற்றது எதையும் நம்பவில்லை.

என்ன சொன்னாரா? கேளுங்கள்.

"பாரீசில ஒரு நாள் நானும் ஒரு குதிரையும் எதிரெதிர உக்காந்து சூப்பு குடிச்சோம்."

"குதிரையா?"

"கழுத்தில துண்டு கட்டியிருந்துது. என்னைவிட மரியாதையா குடிச்சுது. சூப்புலதான் உப்பு இல்ல."

இன்னொரு நாள் குடை. தெருவெல்லாம் வெயில், குடைக்கு உள்ளே மட்டும் மழை. அப்புறம் என்ன ஆயிற்று என்றால், "சளி பிடிச்சுது" என்பார். இன்னொரு நாள் ஒரு சீமாட்டி வீட்டு அலமாரி. திறந்தால் உள்ளே கடல். அப்பா அதிலிருந்து வெளியே வந்து, தொப்பியைக் கழற்றி வணக்கம் சொல்லி, அந்த அம்மாள் கையில் ஒரு மீனைக் கொடுத்துவிட்டு, மறுபடி அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம்.

இதையெல்லாம் கதை மாதிரி சொல்ல மாட்டார். அதுதான் எரிச்சல். ரேஷன் கடைக்குப் போய் வந்ததைச் சொல்வதுபோலச் சொல்வார்.

நான் விசாரிப்பேன். ஒன்பது வயதிலிருந்து விசாரித்தேன். வேலைக்குச் சேர்ந்த பிறகு இன்னும் ஒழுங்காக. சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் எதிரே நாற்காலியில் உட்காருவேன்.

"குதிரை எந்தப் பக்கம் உக்காந்திருந்துது?"

"வலப் பக்கம்."

"போன வாரம் எதிரேன்னீங்க."

"எனக்கு எதிரே. சன்னலுக்கு வலப் பக்கம்."

"எத்தனை கரண்டி குடிச்சுது?"

"குதிரைக்கு ஏதுடா கரண்டி? கிண்ணத்தோட."

"மணி?"

"காலையில. வெளிச்சம் நல்லா இருக்கணும்னாங்க."

"யாரு சொன்னாங்க?"

"முசியே."

"எந்த முசியே?"

"எல்லாரும் முசியேன்னு கூப்பிடுற ஐயா."

பதினைந்து வருஷக் குறுக்கு விசாரணை தம்பி. ஒரு முரண்பாடு கிடைக்கவில்லை. பொய் சொல்கிற ஆள் எங்கேயாவது உளற வேண்டும் அல்லவா? கடைக்காரன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் நாலாவது கேள்வியில் கை நடுங்கும். இவருக்கு நடுங்கவில்லை. உளறாத பொய்யன் சாதாரணப் பொய்யனைவிட மோசம் என்று முடிவு கட்டினேன்.

அதோடு போயிருக்கும். அறுபத்தெட்டில் எனக்குக் கடலூரில் பெண் பார்க்கப் போனோம். "வாயைத் திறக்காதீங்க" என்று வழியெல்லாம் சொல்லிக் கூட்டிப் போனேன். நல்லபடியாகத்தான் இருந்தார். பெண்ணின் தாய்மாமன் சும்மா இருக்காமல், "சம்மந்தி பாரீசில இருந்தீங்களாமே, அங்க எல்லாம் சௌகரியமா?" என்று கேட்டுவிட்டார்.

"சௌகரியந்தான். ஒரு தடவை செத்துட்டேன். மத்தபடி ஒண்ணும் இல்ல."

"என்னங்க?"

"செத்துட்டேன். நல்ல பெட்டி, உள்ள வெல்வெட்டு. நாலு பேரு தூக்கினாங்க. கொஞ்ச தூரம் போனதும் பின்பக்கமா ஓட ஆரம்பிச்சுட்டாங்க. நான் எழுந்து, ஊர்வலத்துக்குப் பின்னாடி நானும் ஓடினேன். பூகூடப் போட்டேன்."

"யாரு சவத்துக்கு?"

"என் சவத்துக்குத்தான். வேற யாருக்குப் போடுவேன்? அங்க எனக்கு யாரைத் தெரியும்?"

காபி வந்தது. கேசரி வரவில்லை. அதற்குப் பிறகு நான் எங்கேயும் பெண் பார்க்கப் போகவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தேன். என்னைச் சமாதானம் பண்ணப் பார்த்தார். "உனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு சொல்றேண்டா. இத்தனை நாளா சொல்லாம வெச்சிருந்தேன். தராசு. பெரிய தராசு, ஆள் நிக்கிற மாதிரி. ஒரு தட்டுல என்னை நிக்க வெச்சாங்க. இன்னொரு தட்டுல ஒரு கோழி இறகு. இறகு கீழ போயிடுச்சு. நான் விர்ருன்னு மேல. தொப்பி உத்தரத்தில இடிச்சுது."

குதிரையைப் பொறுத்தேன். குடையைப் பொறுத்தேன். செத்ததைக்கூட ஒரு மாதத்தில் பொறுத்திருப்பேன். தராசில் கை வைத்தால்? அது என் உத்தியோகம் இல்லையா?

"அந்தத் தராசுல முத்திரை இருந்துதா?" என்று கேட்டேன்.

"கவனிக்கலையே."

"கவனிக்கல!"

அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்தினேன். மூன்று வருஷம். ஒரே வீடு, ஒரே கூரை. சாப்பாட்டுத் தட்டை மதலேன் வைப்பாள். எழுபத்தொன்றில் இறந்துபோனார்.

இறப்புக்குக் கூட்டம் வந்திருந்தது. ஃபிகுரான் அல்லவா. மதலேனுக்கு அப்போது கல்யாணம் ஆகி ஆறு மாதம், காரைக்காலிலிருந்து ஓடி வந்தாள். பெட்டியைத் தூக்குகிற நேரத்தில் வந்தவர்களிடம் அழுதுகொண்டே, "அப்பாவுக்கு இது ரெண்டாவது ஊர்வலம்" என்றாள். எனக்குக் கோபம். "செத்த பிறகாவது பொய்யை நிறுத்துங்க" என்றேன். பங்குச்சாமியார் முன்னால், ஊர் முன்னால். அவள் அழுகையை நிறுத்தினாள். "அப்பா சொன்னது அத்தனையும் நடந்ததுன்னு உன் வாயால சொல்ற வரைக்கும் உன்கூட எனக்குப் பேச்சு இல்லண்ணா" என்றாள்.

சரி என்றேன். ஒரு மாதம் தாங்காது என்று நினைத்தேன்.

வீட்டில் வேறு யாரா? யாரும் இல்லை. ஃபேன் இருக்கிறது.

கண்டக்டர், சிதம்பரத்தில் எத்தனை நிமிஷம்? பத்தா? ஐந்து போதும். யாருக்கும் அவசரமே கிடையாது.

போன மாதம் நடந்ததுக்கு வருகிறேன். கத்தரி வெயில், வீட்டில் கரண்ட் இல்லை, ஃபேனும் நின்றுவிட்டது. கடற்கரைக்கு இரண்டு தெரு இந்தப் பக்கம் ஒரு ஹால் வாசலில் பலகை. பழைய பிரெஞ்சு ஊமைப் படங்கள், கனவுப் படங்கள், சனிக்கிழமைதோறும், அனுமதி இலவசம். உள்ளே ஏ.சி. ஊமைப் படம் என்றால் சத்தம் இருக்காது, தூங்கலாம் என்று போனேன்.

செலின் என்று ஒரு பேராசிரியை. கல்லூரியில் பிரெஞ்சு சொல்லிக் கொடுக்கிறவர். படத்துக்கு முன்னால் பேசினார். இந்தப் படம் இருபத்தேழில் எடுத்ததாம். எடுத்தவனைப் பைத்தியம் என்று விரட்டிவிட்டார்களாம். தொண்ணூறு வருஷம் கழித்து யாரோ ஒருவர் வீட்டு நிலவறையில் தகரப் பெட்டியில் கிடைத்ததாம். "இதில் கதையைத் தேடாதீர்கள். காரணத்தைத் தேடாதீர்கள். இது விழித்துக்கொண்டே காண்கிற கனவு. இதில் நடப்பது எதுவும் எங்கும் நடந்ததில்லை, நடக்கவும் முடியாது" என்றார். எனக்குக் கண் சொருகியது.

திரையில் ஒரு அலமாரி.

அலமாரி திறந்தது. உள்ளே கடல். அலை அடிக்கிறது. ஒரு ஆள் நனைந்து வெளியே வந்தான். தொப்பியைக் கழற்றினான். சீமாட்டி கையில் மீனைக் கொடுத்தான். திரும்பினான். இடது காது மடலில் வெட்டு.

சின்ன வயதில் நாய் கடித்த காது. நான் தினம் பார்த்த காது.

அப்பாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது, தம்பி. என்னைவிட ஐம்பத்தெட்டு வயது சின்னவர். மீசைகூடச் சரியாக வரவில்லை. எழுந்துவிட்டேன். 'அப்பா' என்று கூப்பிடத்தான் வாயைத் திறந்தேன், 'டேய்' என்று வந்துவிட்டது.

பின்னாலிருந்து, "உக்காருங்க தாத்தா, மறைக்குது" என்றார்கள்.

உட்காரவில்லை. சுவரோரமாகப் போய் நின்றேன். குதிரை வந்தது. கழுத்தில் துண்டு. கிண்ணத்தோடுதான் குடித்தது. சன்னலுக்கு வலப் பக்கம். சரியாக இருந்தது. அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தார். உப்பு இல்லை. குடை வந்தது, உள்ளே மழை. நாலு பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாக ஓடினார்கள். அப்பா பின்னாலேயே ஓடிப் பூப் போட்டார். அடுத்தது என்ன என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த ஹாலில் வேறு ஒருத்தருக்கும் தெரியாது.

தராசு.

ஏறினார். இறகை வைத்தார்கள். இறகு இறங்கியது. அப்பா விர்ரென்று மேலே போனார். தொப்பி உத்தரத்தில் இடித்தது.

"நிறுத்துங்க! அந்தத் தராசைக் கிட்ட காட்டுங்க!" என்று கத்தினேன். விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

செலின் நல்ல மாதிரி. தண்ணீர் கொடுத்தார். உட்கார வைத்தார். "படம் உங்களை ரொம்பத் தொந்தரவு பண்ணிடுச்சு போல. இந்தப் படங்க அப்படித்தான் ஐயா. மனசுக்கு அடியில கிடக்கிறதைக் கிளறிவிடும்" என்றார்.

"அடியிலயும் இல்ல, மேலயும் இல்ல. அது எங்கப்பா."

"எல்லாருக்கும் அவங்க அப்பா மாதிரிதான் தெரியும் ஐயா. அதுதான் இந்தக் கலையோட சக்தி. அந்தக் குதிரையையே எடுத்துக்குங்க. அது அடக்கி வெச்ச ஆசை."

"குதிரை குதிரைதாம்மா. சூப்புல உப்பு இல்ல."

"அந்த இறகு இருக்கு பாருங்க, அது குற்ற உணர்ச்சி. அதனாலதான் மனுஷனைவிட கனமா இருக்கு."

"அது கோழி இறகு. தராசில முத்திரை இருந்துதான்னு மட்டும் சொல்லுங்க."

பிறகு நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். பிரமாணம் எடுத்த சாட்சி மாதிரி. எந்தப் பக்கம், எந்தக் கை, எத்தனை பேர். அடுத்த காட்சியில் தொப்பி கசங்கியிருக்கும் என்றேன். மீதிப் படத்தைக் கடைசி வரை போட்டுப் பார்த்தார். கசங்கியிருந்தது. முகம் வெளுத்துவிட்டது.

"கடைசியில பேரெல்லாம் போட்டாங்களே, எங்கப்பா பேரு எங்கே?" என்றேன்.

"வராது ஐயா. இவரு வெறும் ஃபிகுரான்தானே."

நான் எழுந்து நின்றேன். பழக்கம். "வெறும் ஃபிகுரானா? பெரிய உத்தியோகம் இல்லையா அது?"

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. "ஐயா, ஃபிகுரான்னா சினிமாவில கூட்டத்தில நிக்கிறவங்க. பெரிய நடிகருங்களுக்குப் பின்னாடி. நாள் கூலியும் சாப்பாடும் கொடுப்பாங்க. இந்தப் படத்துக்கு ஆளே கிடைக்கல போல, எல்லாத்துக்கும் இவரையே நிக்க வெச்சிருக்காங்க. என்ன நடந்தாலும் முகத்தில ஒண்ணும் காட்டாம நிக்கிறாரு பாருங்க. அதுக்காகவும் இருக்கலாம்."

வீட்டுக்கு நடந்தே போனேன். ஊரே பொய் என்றது எல்லாம் நடந்திருக்கிறது. ஊரே எழுந்து நின்றது ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு. அப்பா பொய் சொல்லவில்லை. கவனியுங்கள், 'பின்னாடி நிக்கிற வேலை' என்று ஒழுங்காகத்தான் சொன்னார். 'சினிமா' என்கிற ஒரு வார்த்தையைத்தான் விட்டார். மறைத்தல் வேறு குற்றம். அதற்குப் பிரிவு வேறு.

அடுத்த சனிக்கிழமையும் போனேன், அதற்கு அடுத்ததும். நோட்டும் டேப்பும் எடுத்துப் போய்த் திரையில் தராசுத் தண்டை அளந்தேன். செலின் எனக்கு முன் வரிசையில் நாற்காலி போட்டுவிட்டார். படம் முடிந்ததும் மைக்கைக் கையில் கொடுப்பார். உள்ளதைச் சொல்வேன். கை தட்டுவார்கள். எதற்கு என்று தெரியவில்லை. ஒரு பெண் எழுந்து, "ஐயா, அந்த இறகு எதன் குறியீடு?" என்றாள். "கோழியின்" என்றேன். அதற்கும் தட்டினார்கள். சென்னையிலிருந்து வந்த ஒருத்தர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதான் சார் உண்மையான கனவுவாதி" என்றார். "கையை விடுங்க, நான் அரசாங்கத்தில இருந்தவன்" என்றேன்.

போன வாரம் செலின் கேட்டார், "உங்க வீட்டில வேற யாரும் பார்க்க வேண்டாமா ஐயா? அடுத்த சனிக்கிழமைதான் கடைசி."

அதனால்தான் நேற்றுக் காரைக்கால் போனேன்.

ஐம்பத்து மூன்று வருஷத்தில் முதல் தடவை அவள் வீட்டு வாசலில் நிற்கிறேன். அவள் மருமகள், "நீங்க யாரு?" என்று கேட்டாள். மதலேன் சமையலறை வாசலில் வந்து நின்றாள். முடியெல்லாம் வெள்ளை. நான் நேராக விஷயத்துக்கு வந்தேன். "அப்பா சொன்னது சரி. ஆனா தராசில முத்திரை இல்ல" என்றேன்.

படார் என்று சமையலறைக் கதவைச் சாத்திவிட்டாள்.

மருமகள் வாங்கித் தந்த காபியைக் குடித்துவிட்டுக் கதவுக்கு வெளியே நின்று திரும்பச் சொன்னேன். "எல்லாம் நடந்ததுதான். ஆனா சினிமாவில நடந்தது." உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது. மறுபடி, "நான் அன்னைக்குச் சொன்னது தப்புத்தான். ஆனா அன்னைக்கு எனக்குக் கிடைச்ச ஆதாரத்தை வெச்சுப் பார்த்தா..." அதற்கு மிக்ஸியைப் போட்டுவிட்டாள்.

மருமகள்தான் சொன்னாள். "மாமா, நீங்க 'ஆனா' போடாம ஒரே ஒரு தடவை சொல்லிப் பாருங்களேன்."

"உள்ளதைச் சொல்லும்போது ஆனா வரத்தானே செய்யும்?"

"அப்ப அத்தையும் மிக்ஸி போடத்தான் செய்வாங்க."

படம், மணி, இடம் எல்லாவற்றையும் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு லாட்ஜில் போய்ப் படுத்தேன். காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால் இவள் குடையும் கையுமாக நிற்கிறாள். பக்கத்தில் மருமகள். "அத்தை படத்துக்கு வர்றாங்களாம் மாமா. உங்ககூட இல்லையாம். அவங்களா வர்றாங்களாம். அதே பஸ்ஸுதான், வேற பஸ் இல்லாததால."

அவ்வளவுதான் கதை.

கடலூர் வந்துவிட்டதா? சிதம்பரம் எப்போது போயிற்று? மணி இரண்டரை. பரவாயில்லை, ஓட்டுகிறார். அதோ, அவள் பக்கத்து அம்மாள் இறங்குகிறாள். பாருங்கள், பாருங்கள், உடனே காலி இடத்தில் பையைத் தூக்கி வைத்துவிட்டாள். நான் வந்து உட்கார்ந்துவிடுவேனாம். எனக்கென்ன, இங்கேயே வசதியாக இருக்கிறது.

என்ன கேட்டீர்கள்? கடைசியில் ஒப்புக்கொண்டேனா இல்லையா என்றா? உங்களுக்கு எதற்கு அது? சரி, கேட்டுவிட்டீர்கள். ஒப்புக்கொள்ள என்ன இருக்கிறது? குதிரை சூப்புக் குடித்தது. குடைக்கு உள்ளே மழை பெய்தது. அலமாரிக்குள் கடல் இருந்தது. அப்பா செத்தார், தன் சவத்துக்குத் தானே பூப் போட்டார். இறகு இறங்கியது, அவர் ஏறினார். அப்பா சொன்னது அத்தனையும் நடந்தது.

என் முகத்தை என்ன பார்க்கிறீர்கள்? அவ்வளவுதான். மேலே சொல்ல ஒன்றும் இல்லை.

ஒரு குறைதான் எனக்கு. இது சினிமா என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு ஆளிடமாவது சொல்லியிருக்கலாம். ஒருத்தருக்கும் தெரியாமலே...

"எனக்குத் தெரியும்."

யாரது? நீங்களா? நீங்கள் வாயைத் திறக்கவில்லையே.

"பன்னெண்டு வயசிலேருந்து தெரியும்."

அவள்தான். திரும்பவில்லை பாருங்கள். ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொல்கிறாள். தம்பி, ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேளுங்கள். வேண்டாம். நானே கேட்கிறேன். ஏன்டி சொல்லல?

"அப்பா சொல்லக் கூடாதுன்னாரு."

எதுக்கு?

"சினிமான்னு தெரிஞ்சா அவன் விசாரிக்கிறதை அன்னைக்கே விட்டுடுவான், இப்பத்தான் தினம் சாயங்காலம் எங்கிட்ட வந்து உக்கார்றான், கெடுத்துடாதேன்னாரு. நீ பேச்சை நிறுத்தின பிறகும் ஆறு மணிக்கு ரெண்டு நாற்காலி போட்டு வெப்பாரு. அவனுக்குச் சொல்ல இன்னொண்ணு ஞாபகம் வந்திருக்குன்னு உக்காந்திருப்பாரு. நீ அந்தப் பக்கமா ரூமுக்குப் போயிடுவே. மூணு வருஷம் அண்ணா."

கண்டக்டர், அந்தப் பாட்டைக் கொஞ்சம் நிறுத்துங்கள். பாட்டே ஓடவில்லையா? சரி.

தம்பி, நான் செய்தது விசாரணை. பதினைந்து வருஷமும் விசாரணை. அப்பாவும் மகனும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்ததாக அவர் எடுத்துக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பா? சொல்லுங்கள். நான் பொறுப்பா?

இன்னொண்ணு ஞாபகம் வந்திருக்கு என்றாராம். எது? படத்தில் ஐந்துதான் இருக்கிறது. ஐந்தும் எனக்குத் தெரியும். ஆறாவது ஒன்று இருந்திருக்கிறது. மதலேன், என்ன ஞாபகம் வந்துதாம் அவருக்கு? மதலேன்!

பதில் இல்லை. பார்த்தீர்களா, மறுபடியும் ஆரம்பித்து...

இருங்கள். பையை எடுக்கிறாள். எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

நகருங்கள் தம்பி. காலை மடக்குங்கள். நான் அந்தப் பக்கம் போக வேண்டும்.